மல்லிகாவுக்கு விழ வேண்டிய அடி

துரியோதனன் பெண்டாட்டியின் கையிலிருந்த துடைப்பத்தை ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா பிடுங்கிவிட்டார். காஞ்சிபுரத்தில் டூரிஸ்ட் கைடாக இருந்த இத்தனை வருஷத்தில், என் சாமர்த்தியம் பலிக்காமல் போனது அந்த ஒரு காலையில்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. டாக்டரின் பெயர் செலின், பிரான்ஸ் தேசம், ஐம்பது வயது இருக்கும். தனியாக வந்திருந்தார். முதல் நாள் பெரிய காஞ்சிபுரத்துக் கோயில்களைச் சுற்றிக் காட்டினேன். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பார். வாசலில் ஏன் பூசணிக்காய் தொங்குகிறது, கட்டுகிற வீட்டுக்கு முன்னால் ஏன் வைக்கோல் பொம்மை? திருஷ்டி என்று சொன்னால் டூரிஸ்ட் சிரிப்பார் என்று எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் ஒரு சயின்ஸ் காரணம் கைவசம் வைத்திருப்போம். என்னிடம் நிறையவே இருந்தது.

மறுநாள் தாமல் ஏரியைப் பார்க்கக் காரில் கிளம்பினோம். வழியில் ஒரு ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. பாரதக் கூத்து முடிந்து அன்று காலை படுகளம். துரியோதனன் செத்துக் கிடக்கிற மாதிரி மைதானத்தில் மண்ணால் பெரிய உருவம் செய்து படுக்க வைத்திருந்தார்கள். அவன் மனைவி வேஷம் கட்டிய கூத்து வாத்தியார் ஒப்பாரி வைத்தபடி, எதிரே வருகிறவர்களைத் துடைப்பத்தால் அடித்துக்கொண்டு வந்தார். அந்த அடி பட்டால் பிடித்த பீடை விலகும் என்று ஜனங்கள் தாங்களாகவே போய் முதுகைக் காட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை.

செலின் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கியதும் நான் ஆரம்பித்தேன். இது ஒரு சுத்திகரிப்புச் சடங்கு, அடித்தால் ரத்த ஓட்டம் சீராகும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இடுப்பில் பெண் குழந்தையோடு ஒருத்தி வாத்தியாருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் துடைப்பத்தை ஓங்கினார். செலின் பாய்ந்து போய் அதைப் பிடுங்கிவிட்டார்.

மத்தளம் நின்றது. முகவீணை நின்றது. வாத்தியார் வேஷம் கலையாமல், நீட்டிய கை நீட்டியபடி நின்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு இவரை யார் இங்கே கூட்டிவந்தது என்று கேட்டார்கள். கோயில் தர்மகர்த்தா, முதலில் அந்தம்மாவைக் காரில் ஏற்றப்பா என்றார். எனக்கும் அதுதான் சுலபமாகத் தோன்றியது. ஆனால் குழந்தையோடு நின்றவள் எங்களுக்குக் குறுக்கே வந்துவிட்டாள். அவள் பெயர் மல்லிகா. காஞ்சிபுரத்தில் புருஷனோடு பட்டுத் தறி நெய்கிறவள்.

"அண்ணா, அவங்க பாஷை உங்களுக்குத் தெரியும் இல்ல? கேட்டுச் சொல்லுங்க. எனக்கு விழ வேண்டிய அடிய ஏன் தடுத்தாங்க?"

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு பக்கமும் மழுப்பிச் சமாளிப்பது எனக்குக் கை வந்த கலை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அது வரவில்லை. கேட்டதைக் கேட்டபடியே இங்கிலீஷில் சொன்னேன்.

குழந்தை மேல் பட்டுவிடும் என்று பயந்துவிட்டதாகச் செலின் சொன்னார். பிறகு டாக்டர் புத்தி முந்திக்கொண்டது. குழந்தைக்கு என்ன என்று கேட்டார். வலிப்பு என்றாள் மல்லிகா. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, காலையும் ராத்திரியும் தவறாமல் மாத்திரை கொடுக்கிறாளாம். மருந்துதான் கொடுக்கிறாயே, அப்புறம் இது எதற்கு என்று செலின் கேட்டார். அதையும் அப்படியே தமிழில் கேட்டேன்.

மல்லிகாவுக்குக் கோபம் வரவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"மாத்திரை அவளுக்கும்மா. அடி எனக்கு. தறியில உக்காந்துக்கினு இருந்தாலும் காது புள்ள மேலயே இருக்குது. எப்ப வருமோ எப்ப வருமோன்னு பயந்துக்கினே கிடக்கிறேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போவணும்னு வேண்டிக்கினு வந்தேன்."

நான் சொல்லி முடித்ததும் செலின் துடைப்பத்தை இரண்டு கையாலும் வாத்தியாரிடம் நீட்டினார். அப்புறம் மல்லிகாவிடம் திரும்பி, அடி விழுந்து முடியும்வரை குழந்தையை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று சைகையிலேயே கேட்டார். மல்லிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொடுத்தாள்.

வாத்தியார் ஒப்பாரியை விட்ட வரியிலிருந்து பிடித்தார். மத்தளம் சேர்ந்துகொண்டது. அடி முதுகில் விழுந்ததும் மல்லிகா வாய்விட்டு அழுதாள். எத்தனை நாள் அழுகையோ, யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. அழுது ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதற்குள் குழந்தை செலினின் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தது. அதைத் திரும்ப வாங்கத்தான் எல்லோரும் சிரமப்பட்டோம்.

காரில் ஏறியதும் செலின் என்னிடம் கேட்டது ஒன்றுதான். ரத்த ஓட்டம் என்று ஏதோ சொன்னாயே, அது நிஜமா? இல்லை மேடம் என்றேன். தாமல் போகும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

அதோடு சயின்ஸ் காரணங்களை விட்டுவிட்டேன். தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை. என்னைத் தேடி வந்தவர்கள் அதிகமானார்கள். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். கோபுரத்தின் உயரம், கட்டிய ராஜா, இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஒரு மனுஷி ஏன் இப்படிச் செய்கிறாள் என்று கேட்டால், அவளிடமே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். சொல்வதை மாற்றாமல் சொல்லுங்கள். சில பேர், "தெரியாதுப்பா, எங்கம்மா செஞ்சாங்க, நானும் செய்யறேன்" என்பார்கள். வெட்கப்படாமல் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். அதுவும் பதில்தான்.