எல்லாக் கட்டத்திலும் சரி

வவுனியாவில் வளர்ப்பு நாய்களுக்கு நன்னடத்தைச் சோதனை வைக்கிறார்கள் என்று அறிந்ததும் எங்கள் நாயையும் பதிந்தேன். தண்ணீரூற்றுச் சந்தியில் குட்டியாகக் கண்டெடுத்த ஊர் நாய் அது. மூன்று மாதம் முற்றத்தில் வைத்துப் பழக்கினேன். கருவாட்டை முன்னால் வைத்து "இரு" என்றால், நான் சொல்லும்வரை தொடாது.

சோதனையன்று பக்கத்தில் தகரத் தட்டொன்றைச் சத்தம் வரப் போட்டார்கள், நாய் அசையவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தலையைத் தடவினார், வாலாட்டியது. அதே ஆளைப் பார்த்து உறுமிய அல்சேசனுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எங்களுக்கு இல்லை. நடுவரிடம் போய்க் கேட்டேன்.

"ஊர் நாய்க்குக் குடுக்கிறேல்லை, தங்கச்சி. சாதி நாய்க்குத்தான்."

"அப்ப பதியேக்கை ஏன் சொல்லேல்லை?"

"சும்மா வந்து பழகட்டும் எண்டு விட்டனாங்கள்."

"என்ரை நாய் ஒரு பிழையும் விடேல்லை, ஐயா. பிழை விட்டது நீங்கள். புள்ளித் தாளைத் தாங்கோ."

அவர் தரவில்லை. மேசையில் கிடந்ததை நானே எடுத்துக்கொண்டு நாயோடு வெளியே வந்தேன். எல்லாக் கட்டத்திலும் சரி போட்டு, கீழே அவரே கையெழுத்தும் வைத்திருந்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.