கீழ் வலப்பக்கக் கட்டம்

சர்மிதா என்ன வேலை பார்க்கிறாள் என்று சுருவில் ஊரில் ஒழுங்காகத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கையில் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

கஜமுகன், அவளுடைய புருஷன். ஊர்காவற்றுறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். நாற்பத்துநான்கு வயது. எஞ்சின் ஒன்றைத் தோளில் தூக்கியவன், நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று மணலில் குந்திவிட்டான். ஆசுப்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன வான் வண்டி மண்டைதீவுச் சந்தியைத் தாண்ட முதலே எல்லாம் முடிந்துவிட்டது.

பின்னேரங்களில் கிறீஸ் மணக்கும் கையோடு வாசலில் நின்றே கேட்பான்:

"இண்டைக்கு எத்தினை ஓட்டை பிடிச்சனீர்?"

"ஓட்டை ஒண்டும் இல்லை. மூண்டு சந்தேகம்."

"மூண்டு சந்தேகத்தை வைச்சுக் கறி காய்ச்சேலாது பாரும்."

பௌதிகவியலில் பட்டம் பெற்று, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்து களைத்த பிறகு கிடைத்த வேலை அது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக் குழு இணையத்தில் படங்களை அனுப்பும். ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய விண்மீன் மண்டலங்கள். பேரண்டமே பச்சைப் பிள்ளையாக இருந்த காலத்தில் அவற்றிலிருந்து புறப்பட்ட ஒளி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றின் நடுவில் கருந்துளைகள் இருக்கக்கூடும். அப்போது சின்னவை, சுற்றியிருக்கும் வாயுவைத் தின்று வளர்ந்துகொண்டிருப்பவை. விழுங்கப்படும் வாயு சூடேறி எக்ஸ் கதிரை விடும். அது இங்கே வரும்போது நாட்கணக்காகத் திறந்து வைத்த தொலைநோக்கியிலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் நடுவில் வெளிச்சம் திரளும்.

அடுக்க முதல் ஒவ்வொன்றையும் மனிதக் கண் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மண்டலம். இருக்கு, இல்லை, சந்தேகம் என்று மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். "இருக்கு" என்று வரும் பிரகாசமானவற்றைக் கணினியே கண்டுபிடித்துவிடும். அவர்களுக்கு வேண்டியது சந்தேகம்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாளே சர்மிதா வேலையைத் தொடங்கிவிட்டாள். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கவும் தெம்பில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அவன் மணலில் குந்திய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிடப் புள்ளி தேடுவது லேசாக இருந்தது.

மண்டபத்தில் கஜமுகனின் படத்தை, வாசலில் உட்காரப் போட்டிருந்த கதிரையில் வைத்து, முன்னால் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை, முப்பத்தொரு நாளும், அது அணையக்கூடாது. எண்ணெய் விடுவது அவனுடைய தாய் சிவயோகத்தின் பொறுப்பு. மத்தியானத்தில் அவர் கண்ணயரும் நேரம் காவல் சர்மிதாவுக்கு. சோளகக் காற்று ஓட்டுக்குள்ளாலும் நுழைகிற மாதம். யன்னல்களைச் சாத்தினாள். படங்களுக்கும் இருட்டு வேண்டும் என்பதால் அது வசதியாகப் போயிற்று. ஆனால் விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தது. அடிக்கடி திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலித்தது. அன்றைக்கே மேசையைச் சற்றே திருப்பிப் போட்டாள். கணினித் திரையின் வலது கீழ் மூலையில் சுடர் பிரதிபலித்துத் தெரிந்தது. இனித் திரும்பத் தேவையில்லை.

இருபத்தாறாம் நாள் நிலுஜா தொலைபேசியில் அழைத்தாள். குழுவில் படங்களைப் பகிர்ந்து கொடுப்பவள், அவளும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான்.

"அக்கா, இந்த நேரத்தில கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கேக்காம விடேலாது."

"சொல்லும்."

"இந்தப் பதினேழு நாளிலை அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் பாத்திருக்கிறீங்கள். கீழ் வலப்பக்கக் கட்டத்திலை ஒரு சந்தேகம்கூட இல்லை. ஒண்டுகூட. மற்ற எட்டுக் கட்டத்திலையும் நாப்பதுக்குக் குறையாம இருக்கு. எந்த மண்டலம் எந்தக் கட்டத்துக்குப் போகுமெண்டு ஒரு ஒழுங்கும் இல்லை அக்கா. தான் எங்க நிக்கிறனெண்டு அதுக்குத் தெரியாது."

சர்மிதா திரையைப் பார்த்தாள். மூலையில் சுடர் ஆடாமல் நின்றது. அதன் மஞ்சளுக்குள் இரண்டு புள்ளி இருந்தாலும் யாருக்குத் தெரியும்?

"அக்கா, நிக்கிறீங்களோ?"

"ஓம். விளக்கு நிலுஜா. அந்த மூலையிலை இவருடைய விளக்கு விழுகுது."

"வெள்ளிக்கிழமை அடுக்கப்போறம். அதுக்குள்ள அந்தக் கட்டத்தைத் திரும்பப் பாத்துத் தந்தால் உங்கட பட்டியல் நிக்கும். இல்லாட்டி முழுக்க எடுக்க வேண்டி வரும். ஐயாயிரத்துச் சொச்சமும்."

வெள்ளிக்கு நான்கு நாள். அந்தியேட்டிக்கு ஐந்து நாள். விளக்கை நகர்த்தினால் பட்டியல் தப்பும். வைத்த இடத்தை விட்டு அசைத்தால் சிவயோகம் என்ன ஆவார்?

சிவயோகம் எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார்.

"ஆர் பிள்ளை?"

சர்மிதா சொன்னாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லாததால் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சிவயோகம் குனிந்து திரையின் மூலையை நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்குள்ளயோ அவன் நிண்டவன் இவ்வளவு நாளும்?"

"ஓம் மாமி."

"உயிரோட இருக்கேக்கையும் உன்னை வேலை செய்ய விட்டவனே? அதைத் தா, இதைத் தா எண்டு." அவர் திரியைத் தூண்டினார். "விளக்கை அசைக்க ஏலாது. அது அவன்ரை இடம்."

"தெரியும் மாமி."

"மேசை என்ன, சாமி மூலையோ? தூக்கிக்கொண்டு குசினிக்குப் போ."

"அங்க இருந்தால் விளக்குத் தெரியாது."

"நான் என்னத்துக்கு இருக்கிறன்? நித்திரை கொண்டு என்னத்தைக் கண்டன். நான் பாக்கிறன், நீ அதைப் பார்."

இருவருமாக மேசையைத் தூக்கினார்கள். நிலைப்படியில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். குசினிச் சுவர் சமையல் புகை பிடித்துக் கறுத்திருந்ததால் யன்னலைச் சாத்தியதும் நல்ல இருட்டு. அறுநூற்றுப் பன்னிரண்டு மண்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். இல்லை. இல்லை. இல்லை. பதின்மூன்றாவதில் நடுவுக்குச் சற்றே விலகி இரண்டு புள்ளி. சந்தேகம்.

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அங்கிருந்தே கேட்டாள்:

"மாமி, எரியுதோ?"

"எரியுது. நீ பார்."

செவ்வாயும் புதனும் வியாழனும் அப்படித்தான் போயின. சில நேரம் பதில் வரச் சுணங்கும், அப்போது எழும்பிப் போவாள். சிவயோகம் சுவரில் சாய்ந்தபடி கண்ணைத் திறந்து வைத்திருப்பார். "எரியுது எண்டு சொன்னனான் தானே" என்பார், பதிலே சொல்லியிராமல்.

வெள்ளி விடிய அனுப்பினாள். நாற்பத்தொரு சந்தேகம். பின்னேரம் நிலுஜாவின் செய்தி வந்தது: பட்டியல் நிற்கிறது. அடுக்கியதில் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, மங்கல்தான், ஆனால் தெரிகிறது. எந்த மண்டலத்தில் என்று சொல்ல முடியாது, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். "இண்டைக்கு எத்தினை?" என்று கேட்க ஆளில்லை. செய்தியைச் சிவயோகத்துக்கு வாசித்துக் காட்டினாள். அவர் "நல்லது" என்றார்.

சனிக்கிழமை கீரிமலையில் அந்தியேட்டி. திரும்பி வந்து படத்தைச் சுவரில் மாட்டினார்கள். விளக்கைப் புளி போட்டு விளக்கிச் சாமியறையில் வைத்தார்கள். கதிரை பழையபடி வாசலுக்குப் போயிற்று.

மேசையை மட்டும் யாரும் திரும்பத் தூக்கவில்லை. திங்கட்கிழமை புதிய படங்கள் வந்தன. சர்மிதா குசினி யன்னலைச் சாத்திவிட்டு வேலைக்கு அமர்ந்தாள். நான்காவது பக்கம் முடிய, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டாள்:

"மாமி, எரியுதோ?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது. விரல் விசையின்மேல் அப்படியே நின்றது.

மண்டபத்தில் பாய் அசையும் சத்தம் கேட்டது.

"இல்லைப் பிள்ளை," என்றார் சிவயோகம். "அது முடிஞ்சுது. நீ பார்."