மற்றவர்கள் சாப்பிட்டார்களா

ஜெர்மனியில், எசன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அறைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோவதும் திரும்ப எடுத்துவருவதும் என் வேலை. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கேயும் அதிகம் கதைப்பதில்லை.

இரண்டாம் மாடியில் ஒரு கறுப்பினக் கிழவர் இருந்தார். கரிபியன் கடலில் ஒரு சின்னத் தீவை நாடாக்கியவர்களில் ஒருவர். அங்கே காசுத்தாளில் அவருடைய முகம் இருக்கிறதாம். ஜெர்மன்காரரை மணந்து இங்கே வாழும் மகள், மறதி முற்றிய தகப்பனைத் தன்னிடம் கூட்டிவந்திருந்தார். எங்களுக்கு அவர் ஒரு அறை எண்தான்.

பனிக்காலம் தொடங்கியபோது சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டு போனபடியே திரும்பி வந்தது. மறதி நோயில் இப்படி வரும் என்று தாதிமார் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் மகள் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி விளங்கப்படுத்தினார். வாலிபத்தில் அவர் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். வேலைநிறுத்தம் செய்தவர்களோடு அவரையும் வெள்ளைக்கார அரசு சிறையில் போட்டது. எல்லாரையும் விடும்வரை சாப்பிடமாட்டேன் என்று கிடந்து, கடைசியில் விடவைத்தார். நாட்டின் விடுதலையே அங்கேதான் தொடங்கியது. இப்போது அவர் திரும்பவும் அந்தச் சிறைக்குள் இருக்கிறார்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தோட்டங்களில் பாதிப்பேர் இந்தியாவிலிருந்து கொண்டுபோனவர்கள். என் முகத்தைப் பார்த்தால் அவர்களில் ஒருவன் என்று நம்புவார். எங்களை விட்டுவிட்டார்கள் என்று சொல்லமுடியுமா? இல்லாவிட்டால் வயிற்றில் குழாய் வைக்கவேண்டும். அவர் பிடுங்குவார், கையைக் கட்டுவார்கள். பழைய சிறையிலும் அவருடைய கையைக் கட்டித்தான் வைத்திருந்தார்களாம்.

ஊரில் உண்ணாவிரதம் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது பெரியவர் பழச்சாறு கொடுத்து முடித்துவைப்பார். அந்த நினைப்பில் சூப்பை விட்டுவிட்டுத் தோடம்பழச் சாறு கொண்டுபோய் நீட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்களை விட்டுவிட்டார்கள் என்றேன். அவர் கிளாசைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"முதலில் நீ குடி" என்றார்.

நோயாளிகளின் சாப்பாட்டை நாங்கள் தொடக்கூடாது. குடித்தேன். அவர் தலையாட்டினார்.

"நல்லது. மற்றவர்களைக் கூப்பிடு."

எங்கள் ஊரில் தலைவருக்குத்தான் முதல் கிளாஸ். அவருடைய வழக்கத்தில் அவர் கடைசி.

யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாத நான் அன்று தமிழ்க் கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்கார அண்ணை சிரித்தார்.

"எங்கடை போராட்டத்தையே முடிக்க ஏலாமல் ஓடிவந்த ஆக்கள் நாங்கள். அந்தாளின்ரை போராட்டத்தை முடிக்கச் சொல்லுறீரோ?"

ஆனாலும் அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு, இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நால்வரும் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்கள்.

கிழவர் அதற்குள் நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார். கட்டிலைச் சுற்றி நின்று ஒவ்வொருவராகச் சாறு குடித்தார்கள். ஒருவர் பதற்றத்தில் சட்டையில் ஊற்றிக்கொண்டார், யாரும் சிரிக்கவில்லை. கிழவரின் கண் ஒவ்வொரு முகத்திலும் நின்று நகர்ந்தது. நால்வரும் குடித்து முடித்ததும் அது கதவுப் பக்கம் போய் அங்கேயே நின்றது. மகள் பஞ்சைச் சாற்றில் நனைத்து அவருடைய உதட்டில் வைத்தார். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"இன்னும் ஆரோ உள்ளுக்கை இருக்கினம்போலை" என்று அண்ணை மெதுவாகச் சொன்னார்.

மகள் என்னைப் பார்த்தார். அதை எனக்குத் தெரிந்த டொச் மொழியில் சொன்னேன். அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு எழுந்துபோய், குழாய் வேண்டாம் என்று தாதியிடம் சொன்னார்.