முன் சக்கரத்தில் கரைந்த பொட்டு

அன்பான அம்மன் அடியார்களே, வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் என் சகோதரிகளே,

இந்த வருடம் புரட்டாசி மாதம் என் தாலியும் என் மகளும் ஒரே நாளில் போயிருக்க வேண்டியது. இதை எழுதாமல் இருந்தால் அது நன்றி கெட்டத்தனம்.

நாங்கள் நெம்மேலியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கேளம்பாக்கத்தில் ஒரு கட்டிடக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். மகள் யாமினி அங்கேயே நர்சிங் படிக்கிறாள். தினமும் காலையில் அப்பாவும் மகளும் ஒரே வண்டியில் கோவளம் வழியாகப் போவார்கள். அந்த வண்டிக்கு யாமினியின் வயதுதான். அவள் பிறந்த வருடம் வாங்கியது. விற்றுவிடுங்கள் என்று நான் சொன்னால், "பொண்ண விப்பியா நீ?" என்று கேட்பார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? நானும் இருபது வருடமாக அந்தப் பின் சீட்டில் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி கடைசியில் ஒரு நாள் யாமினி வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அவள் பையின் ஓரத்தில் சேறு அப்பியிருந்தது. எங்கே விழுந்தாய் என்று கேட்டேன். விழவில்லை என்றாள். பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

"கோவளம் திருப்பத்துல அப்பா பிரேக் புட்சாரு ம்மா. அது புடிக்கவே இல்ல. முன்னாடி தண்ணி லாரி நின்னுகினு இருந்துச்சு. பின் பிரேக்க மிதிச்சு, காலால தேச்சு, லாரி பின்னாடி போய் ஒட்டிகினு நின்னுச்சு வண்டி. என் பை லாரில ஒரசிடுச்சு."

அவர் இதை என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, "பழைய ரப்பர் ஹோஸ்மே, உப்புக் காத்துல உளுத்து பூட்ச்சி. மாத்திட்டா முடிஞ்சுது" என்றார். ஹோஸ் என்றால் கைப்பிடியில் இருக்கும் ஆயில் டப்பாவிலிருந்து முன் சக்கரத்து பிரேக்குக்கு ஆயில் போகும் குழாய். நாம் பிடியை அழுத்தினால் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். விரல் பருமன்தான் இருக்கும். அதை நம்பித்தான் இரண்டு உயிர்கள் தினமும் போய் வந்திருக்கின்றன.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் லாரியின் பின்பக்கம்தான் தெரியும். அவர்கள் கிளம்பியதும் கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து வாசல் கதவை அடிக்கும். அந்தச் சத்தத்துக்கே எழுந்து வாசலுக்கு ஓடுவேன். தினமும் விளக்கு வைத்து நம் செல்லியம்மனிடம் ஒன்றுதான் கேட்டேன். "தாயே, எனக்கு வண்டியும் தெரியாது, மிஷினும் தெரியாது. ஏதாவது ஆபத்து வருவதாக இருந்தால் எனக்குப் புரிகிற மாதிரி காட்டு." அழுது அழுது கேட்டேன்.

ஹோஸ் வாங்கச் செங்கல்பட்டுக்கு நானும் கூடவே போனேன். இவரைத் தனியாக அனுப்பினால் எதையாவது வாங்கி வந்து, கேட்டால் வியாக்கியானம் சொல்வார். கடைக்காரர் அந்த வண்டியின் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். கம்பெனி ஹோஸ் வருவது நின்று பல காலம் ஆகிவிட்டதாம். மேல்தட்டில் ஒன்றே ஒன்று கிடந்தது. கவர் மஞ்சளாகி நொறுங்கியது. இவர் அதை வளைத்துப் பார்த்தார். ரப்பரில் பொடிப் பொடியாக வெடிப்பு தெரிந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டார். அந்த மட்டும் நல்ல புத்தி.

இன்னொன்று எடுத்துக் காட்டினார் கடைக்காரர். ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ், பளபளவென்று இருந்தது. வேறொரு வண்டிக்கு வருவது, ஆனால் இரண்டு முனையும் இதற்குப் பொருந்தும் என்றார்.

"அண்ணாத்த, ஜாயிண்ட்டு ரெண்டும் ஒரே சைஸுதான். நீளம்தான் டவுட்டு. நீ மாட்டறப்ப முன் சக்கரத்த தரையில வுட்டுகினு அளவு பாக்காத. வண்டியத் தூக்கி நிறுத்தி சக்கரம் தொங்கறாப்ல வச்சுப் பாரு. மேடு பள்ளத்துல சக்கரத்தப் புடிச்சுகினு இருக்கற முன் ஃபோர்க்கு நீளும். அப்ப ஹோஸ் இழுத்துகினு இருந்தா ஆவாது. திருப்பிக் கொண்டாந்துடு, வேற பாத்துத் தரேன்."

"நான் ஸ்டோர்காரன்யா. எனக்குத் தெரியாதா?" என்றார் இவர். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் முணுமுணுத்தேன். அவர் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் அவருக்கு நேரம் கிடைத்தது. அதுவரைக்கும் பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டினார். வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். பழைய ஹோஸைக் கழற்றினார். புதுச் செம்பு வாஷர் போட்டுப் புது ஹோஸை மாட்டினார். புது பிரேக் ஆயில் ஊற்றி, யாமினியைப் பிடியை அழுத்தி அழுத்தி விடச் சொல்லி, உள்ளே இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினார். பிடி கல் மாதிரி நின்றது. வேலை சுத்தம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்கவில்லை. அவசரம். ஏன் அவசரம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், குறடு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மறுநாள் பூஜைக்கு அடுக்க வேண்டும். அதில் அவர் மிகவும் கண்டிப்பு. கோயிலுக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். ஆனால் பூஜையில் வைத்த சாமானை மறுநாள் விஜயதசமி பூஜை முடியாமல் யாராவது தொட்டால் வீடே இரண்டாகும். அவர் அப்பா காலத்துப் பழக்கம்.

ஆயுத பூஜை அன்று எனக்கு விடிந்ததிலிருந்தே மனசு சரியில்லை. ஏற்றிய விளக்கு இரண்டு தரம் காற்றில் அணைந்தது. யாமினியின் புத்தகங்களையும் ஸ்பானர்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, கடலை, சுண்டல் படைத்தோம். சக்கரத்தைச் சுற்றி முழுக்கப் பொட்டு வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சக்கரம் சுழன்றால்தானே வைக்க முடியும்? அதனால் அவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, இஞ்சின் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பித் தொங்கியது. நான் சுற்றிச் சுற்றிப் பொட்டு வைத்தேன். மட்கார்டின் மேல் பெரிதாக ஒன்று வைத்தேன்.

அன்று யாமினிக்கு விடுமுறை இல்லை. நோயாளிக்கு ஏது பண்டிகை? சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டியூட்டி. பூஜை முடிந்து எலுமிச்சம்பழம் நசுக்கியதும் அதே வண்டியில் அப்பா அவளைக் கொண்டுவிடுவதாக ஏற்பாடு.

மத்தியானம் வெளியே வந்து பார்த்தேன். மட்கார்டில் வைத்த பொட்டு கரைந்து, கீழே சிவப்பாக ஒழுகியிருந்தது. பூஜைத் தண்ணீர் பட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு துடைத்தேன். நன்றாக உலரவிட்டு மறுபடியும் வைத்தேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் கரைந்திருந்தது. இந்த முறை சக்கரம் வரைக்கும் இறங்கியிருந்தது. துடைக்கத் துணியை மறுபடியும் எடுத்தேன்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா கோலப்பொடி வாங்க வந்தவள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, ரத்தம் மாரி கீது? அம்மா உத்தரவு குடுக்கலடி. இன்னிக்கு வண்டிய வெளிய எடுக்க வாணாம்னு சொல்லு."

அவரிடம் சொன்னேன். "பொட்டு கரைஞ்சிச்சுன்னு ஆஸ்பத்திரில லீவு குடுப்பாங்களா?" என்று சிரித்தார். யாமினி வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு ஏதேதோ தோன்றியது. நேராகப் பூஜை அறைக்குப் போய் விழுந்தேன். "தாயே, காட்டிவிட்டாய். எனக்குப் புரியவில்லையே. இன்னும் கொஞ்சம் விளக்கமாகக் காட்டு."

எழுந்தபோது, முதல் தரம் பொட்டைத் துடைத்த அந்தத் துணி என் கையிலேயே இருந்தது. சிவப்போடு கூட நீலமும் ஒட்டியிருந்தது. வண்டியின் பெயிண்ட். தண்ணீர் பட்டால் குங்குமம் கரையும், சரி. பெயிண்ட் எப்படிக் கரையும்? விரலால் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. முந்தின நாள் அவர் ஊற்றிய பிரேக் ஆயில் வாடை அடித்தது.

ஓடிப்போய் வண்டியைப் பார்த்தேன். பொட்டிலிருந்து விரலை வைத்து மேலே மேலே தடவிக்கொண்டு போனேன். ஈரம் அந்தப் பளபளப்பான ஹோஸ் வழியாகவே ஏறி, கைப்பிடிக்குக் கீழே அது சேரும் இடத்தில் போய் நின்றது. ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. சக்கரம் தொங்கியதில் அந்த ஹோஸ் துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்து நின்றது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"போல்ட் சரியா டைட் ஆவலபோல. லேசாத்தான் கசியுது. மெதுவா ஓட்டிகினு போய் வுட்டுட்டு வந்துடறேன். நாளைக்கு டைட் வச்சிக்கலாம்."

"இப்பவே வைங்க."

"இன்னிக்கு ஸ்பானரத் தொடக் கூடாது. உனக்குத் தெரியாதா? சாமி குத்தம் ஆயிடும்."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றும் தெரியாது. உள்ளே போனேன். பூஜையில் இருந்த ஸ்பானரை எடுத்தேன். அதன் மேல் நானே வைத்த குங்குமத்தை என் முந்தானையில் துடைத்தேன். அவர் கையில் கொடுத்தேன்.

"குத்தம் எம்மேல வரட்டும். நீங்க டைட் வைங்க. வச்சுட்டு என் கண்ணு முன்னாடி ஒரு வாட்டி அழுத்திக் காட்டுங்க. ரோட்டுல லாரி குறுக்க வந்தா எப்படிப் புடிப்பீங்களோ, அப்படி."

அவர் ஸ்பானரை வாங்கினார். போல்ட்டை இறுக்கினார். ஆயிலைத் துடைத்தார். பிறகு பிரேக் பிடியை முழு பலத்தோடு அழுத்தினார்.

பட் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த ஹோஸ் தன் மேல் முனையில் இருந்த இரும்பு மூடியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. ஆயில் அவர் சட்டையிலும் என் புடவையிலும் பீய்ச்சியடித்தது. பிரேக் பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. போல்ட்டில் குறையே இல்லை. நீளம்தான் பத்தவில்லை. இரண்டு விரல் கட்டை.

யாமினிதான் முதலில் அழுதாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கையிலிருந்த ஸ்பானரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

யாமினியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். போய்ச் சேர்ந்து போன் செய்தாள். கோவளம் திருப்பத்தில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்ததாம். ஆட்டோக்காரர் போட்ட பிரேக்கில் எல்லோர் தலையும் முன் கம்பியில் இடித்ததாம். "எனக்கு ஒண்ணும் இல்ல ம்மா. ஆனா அப்பா வண்டில வந்திருந்தா..." என்றாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

விஜயதசமி முடிந்ததும் அவர் மறுபடியும் செங்கல்பட்டுக்குப் போனார். பழைய ஹோஸைக் கையோடு எடுத்துப்போய் அளந்து, அதைவிட ஒரு விரல் நீளம் கூடவே இருக்கிற மாதிரி சரியான ஹோஸ் வாங்கி வந்தார். சக்கரத்தைத் தொங்கவிட்டு மாட்டினார். தரையில் இறக்கி அமுக்கிப் பார்த்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார். இப்போது தினமும் கிளம்பும் முன் பிடியை ஒரு தரம் பலமாக அழுத்திக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். நான் கேட்காமலே காட்டுகிறார். வெள்ளிக்கிழமைகளில் நம் கோயிலின் கடைசி வரிசையில் கைகட்டி நிற்கும் அந்த உயரமான மனிதர் அவர்தான். அவரைப் பார்த்து நீங்கள் யாரும் சிரித்துவிடாதீர்கள், பாவம், வெட்கப்படுவார்.

இன்றும் அவர்கள் கிளம்பியதும் காற்று வந்து கதவை அடிக்கிறது. எனக்கு இன்றும் பயம்தான். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு ஒரு மடி இருக்கிறது.

சகோதரிகளே, அம்மனிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். அவள் கட்டாயம் பதில் சொல்வாள். அன்று அவள் இரண்டு தரம் சொன்னாள். முதல் தரம் நான் துடைத்துவிட்டுப் புதுப் பொட்டு வைத்தேன். இரண்டாவது தரமும் துடைத்திருந்தால் இன்று என் நெற்றியில் பொட்டு இருந்திருக்காது. உங்கள் வீட்டிலும் ஒரு நாள் அவள் எதையாவது காட்டுவாள். தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள். அது எங்கிருந்து ஒழுகுகிறது என்று விரலை வைத்து மேலே போய்ப் பாருங்கள்.