என் கட்டுரைக்கு நான் கேட்ட அனுமதி

ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் யூனிட்டுகளில் பறக்கும் தூசு, அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் பஸ்ஸில் வாரம் மூன்று நாள் போவேன். காய்ந்த கட்டைகளின் பிசிறைத் தேய்த்தெடுக்கும் பெண்களை ஒரு குழாயில் ஊதச் சொல்லி அளவெடுப்பேன். அவர்களில் ஓர் அக்காதான் மற்றவர்களை வரிசையாக உட்கார வைப்பார். வெட்கப்பட்டுச் சிரித்தவர்களை அதட்டி ஊத வைத்தவரும் அவர்தான். அவர் இல்லையென்றால் என் ஆய்வு பாதியில் நின்றிருக்கும்.

கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழ் ஏற்றுக்கொண்டது. உரிமையை அவர்களுக்கே எழுதிக்கொடுக்கும் படிவம் வந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டு அன்றே தபாலில் சேர்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. அச்சான பிறகு இலவசப் பிரதிகள் கொஞ்சம் வந்தன. வழிகாட்டிக்கும், நாளைக்கு என் நேர்முகத் தேர்வில் உட்காரக்கூடிய பேராசிரியர்களுக்கும் கொடுத்துத் தீர்த்தேன். எங்கள் வழக்கம் அது. யாருடைய மூச்சை அளந்தோமோ அவர்களுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் அந்த அக்கா பூத்திலிருந்து போன் செய்தார். இருமல் நிற்கவில்லை, காசநோய் என்று டாக்டர் மாத்திரை கொடுக்கிறார் என்றார். தூசு பற்றி நான் சொன்னதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். நல்ல டாக்டர், தட்டிக்கழிக்காமல் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் வந்தன. மீதிக்கு இதழின் இணையதளம் டாலரில் பணம் கேட்டது.

"அந்தக் கட்டுரைய எடுத்தாந்தா படிச்சிப் பாக்கறேன்னு சொன்னாரு மேடம். தூசாலதான் வந்துச்சின்னு அவரு எழுதிக் குடுத்தாத்தான் யூனிட்டுல என்னைய வேற வேலைக்கு மாத்துவாங்க. ஒரே ஒரு காப்பி குடுங்க, போதும்."

நான் தட்டச்சு செய்த கட்டுரை என் கம்ப்யூட்டரில் முழுதாக இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டபின் அது என்னுடையதல்ல, கொடுத்தால் பட்டத்துக்கே வினையாகிவிடும் என்று பயந்தேன். இதழிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். கேட்கவும் செய்தேன். பதில் வரும்வரை நல்ல பிள்ளையாகக் காத்திருந்தேன். அக்கா இன்னும் இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் அதே பதில்தான் சொன்னேன். அந்த மாதங்கள் முழுக்க அவர் அதே இடத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக இதழிடமிருந்து நாலு வரி வந்தது. நீங்கள் தட்டச்சு செய்த பிரதியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், படிவத்தின் பின்பக்கத்திலேயே இருக்கிறது, இதற்கு அனுமதி தேவையில்லை. படித்ததும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. இதழ்தான் பூட்டிவைத்தது என்று ஊரெல்லாம் சொல்லலாம். என் கையிலிருந்த பிரதியைப் பூட்டிவைத்தது நான்தான்.

பிரிண்டு எடுத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன். அக்கா இறந்து பதினைந்து நாளாகியிருந்தது. முன்பே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. கடைசி மாதங்களிலாவது அந்தத் தூசில் உட்காராமல் இருந்திருப்பார்.

அவருடைய வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததையெல்லாம் சொல்லி, காகிதங்களை அவர் கையில் கொடுத்தேன். இங்கிலீஷ் எழுத்தாக இருந்த பக்கங்களைக் கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அவ எடத்துல இப்ப எம் பொண்ணுதான் ஒக்காருது," என்றார். "இத அதுக்குச் சொல்றதுக்கும் யாரையாவது கேக்கணுங்களா?"

யாரையும் கேட்கவேண்டாம் என்றேன். வேலை முடிந்து அந்தப் பெண் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தபோது புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது.