மெக்கானிக்கல் படித்தவளுக்கு மெக்கானிக்கல் வேலை

எங்கள் மாடி அறைப் பெண் நட்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் அக்காவின் சக்கர நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, முன்சக்கரத்தின் அச்சில் சுற்றியிருந்த முடியைப் புருவம் பிடுங்கும் இடுக்கியால் உருவிக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலி இருக்கிற எல்லா வீட்டிலும் இந்த முடி சேரும். துடைப்பத்துக்குத் தப்பியதெல்லாம் அச்சில் போய்ச் சுற்றிக்கொள்ளும். நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது நான் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவேன். நட்டு வெட்டமாட்டாள். முழு இழையாக வந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

"இது பூரா உன் முடிதான். என் தலையில ஏது இவ்வளவு?" என்றாள் கட்டிலில் இருந்த அக்கா.

"நரைச்சத தனியா எடுத்து வெச்சிருக்கேன் பெரியம்மா. காட்டவா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

நட்டு என்பது அக்கா வைத்த பெயர். எங்கள் மாடி அறைக்கு அவள் குடிவந்த முதல் வாரம், சத்தம் போட்ட வாஷிங் மெஷினைத் தானாகவே கழற்றி மாட்டினாள். பிறகு ஒரு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முன் வந்து நின்றாள். "சித்தி, இது மிச்சமாயிடுச்சு. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. ஆனா மெஷின் ஓடுது." அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது.

வேறு நாட்டிலிருந்து இங்கே மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கில் மேற்படிப்புக்கு வந்தவள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஈரத் துண்டை நாற்காலி முதுகில் போடாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் அங்கேதான் போடுவாள். மின்விசிறி முனகினால் படிக்கும் பாடத்தை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்து, "பேரிங் போகுது" என்பாள். சனிக்கிழமைகளில், மாணவர்களுக்கு அனுமதித்த சில மணி நேரம், ஒரு பட்டறையில் வேலை செய்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் செய்கிற, பழுது பார்க்கிற சின்னப் பட்டறை. அங்கிருந்து வரும்போது சட்டையில் பொத்தல், முகத்தில் கரி, வாய் நிறையப் பேச்சு. மற்ற நாட்களில் அவ்வளவு பேசமாட்டாள்.

இவ்வளவு இருந்தும் அவள் தேடியது கம்ப்யூட்டர் வேலையைத்தான். அது அவள் மாமாவின் கணக்கு. அம்மாவின் தம்பி, இங்கே இன்னோர் ஊரில் இருக்கிறார். அவரும் மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குப் போனவர். அவர் நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான். என்ன எஞ்சினியரிங் படித்தாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்று என்பது அவர்கள் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். மாமா சொன்னபடி நட்டு சாஃப்ட்வேரைச் சோதிக்கும் ஒரு குறுகிய படிப்பைப் படித்தாள். வேலைக்கு அனுப்பும் சுயவிவரத்தில் பட்டறையைப் பற்றி ஒரு வரி போட்டிருந்தாள். மாமா அதையும் எடுக்கச் சொன்னார். "வெல்டிங் பட்டறைன்னு போட்டா எவன் கூப்பிடுவான்?" எடுத்துவிட்டாள். ஒரு கம்பெனி கூப்பிட்டது, வேலையும் தந்தது. பட்டறையில் எல்லாருக்கும் டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்தாள்.

அப்புறம் அரசாங்கம் விதியை மாற்றியது. இதுவரை படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர் எந்த வேலையில் சேர்ந்தாலும் கம்பெனி கேட்டால் வேலை அனுமதி கிடைத்தது. இனிமேல் பட்டத்தில் என்ன துறை இருக்கிறதோ அதே துறையில்தான் வேலை இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனி மன்னிப்புக் கேட்டு வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நட்டு மெக்கானிக்கல் கம்பெனிகளுக்கு எழுதினாள். அவர்கள் சுயவிவரத்தைப் பார்த்துவிட்டு, இதில் கம்ப்யூட்டர்தானே இருக்கிறது என்றார்கள். படிப்பு முடிய அதிக நாள் இல்லை. முடிந்த பிறகு கொஞ்ச காலத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் கிளம்பிவிட வேண்டும்.

மாமா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். இன்னொரு மேற்படிப்பு, இந்தத் தடவை கம்ப்யூட்டரிலேயே. இடமும் கிடைத்துவிட்டது. சேர்கிறேன் என்று உறுதி சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

"படிச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"படிச்சா பட்டத்துல கம்ப்யூட்டர்னு இருக்கும் பெரியம்மா."

"அதுக்குள்ள விதிய மறுபடி மாத்திட்டா?"

நட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

உறுதி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பட்டறைக்காரர் தம் வேனில் வந்தார். அக்காவைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோகும் எந்திரம் ஒன்றை அவரிடம் செய்யச் சொல்லியிருந்தேன். என் இடுப்புக்கு இனி அந்த வேலை ஆகாது. ஆளை ஒரு கனத்த துணியில் உட்காரவைத்து, துணியைக் கொக்கியில் மாட்டி, கைப்பிடியை அழுத்தினால் மேலே தூக்கும். அடியில் சக்கரங்கள். அக்காவைத் துணியில் வைக்க நான் போனபோது நட்டு குறுக்கே வந்து நின்றாள்.

"செஞ்சவங்க முதல்ல உக்காரணும். அண்ணா, ஏறுங்க."

"நானா?" என்றார் பட்டறைக்காரர்.

"பெரியம்மாவ விட நீங்க கனம். உங்களத் தாங்கினா அவங்களத் தாங்கும்."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். நட்டு கைப்பிடியை அழுத்த அழுத்த, முழங்கால் மார்பில் முட்ட அவர் மேலே போனார். அப்படியே குளியலறைப் பக்கம் தள்ளினாள். வாசற்படியின் சின்ன மேட்டில் முன்சக்கரங்கள் இடித்து நின்றன. அவர் மட்டும் நிற்கவில்லை, ஊஞ்சல் மாதிரி ஆடினார்.

"பாத்தீங்களா? பெரியம்மாவா இருந்தா இந்நேரம் கழுத்து சுளுக்கியிருக்கும். சக்கரம் சின்னது."

"இந்த அளவுலதான் எல்லாரும் பண்றாங்க."

"பெரிய சக்கரம் போட்டா கட்டிலுக்கு அடியில போகாது. அடிச்சட்டத்தையே மாத்தி வரையணும். ரெண்டு வாரம் குடுங்க, நான் வரைஞ்சு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டு வாரத்துல நீ கம்ப்யூட்டர் கம்பெனில இருப்ப. உனக்கு எதுக்கும்மா இந்தக் கவலை?"

நட்டு கைப்பிடியைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த வேலை போயிடுச்சு அண்ணா. போன மாசமே."

"போன மாசமேவா? வாரா வாரம் வந்து புகைக்குள்ள நிக்கற. ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிச் சொல்றது? டீ வாங்கிக் குடுத்து அவ்வளவு பீத்திக்கிட்டேனே."

கட்டிலிலிருந்து அக்கா சொன்னாள். "கேக்கறத இப்பவே கேட்டுடு. மனுஷன் தொங்கறாரு, எங்கயும் ஓட முடியாது."

"முதல்ல என்னை இறக்குங்க" என்றார் அவர்.

"கேட்டுட்டு இறக்கறேன் அண்ணா. உங்க பட்டறையில எனக்கு எஞ்சினியர் வேலை வேணும். அனுமதிக்கு நீங்கதான் விண்ணப்பிக்கணும். செய்வீங்களா?"

தொடையில் துணி இறுகிக் கால் நிறம் மாறுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன். மாறவில்லை, இன்னும் கொஞ்சம் தாங்குவார்.

ஆட்டம் நின்ற பிறகுதான் பேசினார். "வெளிநாட்டு ஆளுக்கு நான் இதுவரைக்கும் விண்ணப்பிச்சதே இல்லம்மா. நான் கண் அளவுல வேலை செய்யறவன். உன் பட்டறைக்கு எதுக்குய்யா எஞ்சினியர்னு கேப்பாங்க."

நட்டு காலால் அந்தச் சின்னச் சக்கரத்தைத் தட்டிக் காட்டினாள்.

"சரி" என்றார். "கேட்டுப் பாக்கலாம். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கும் உன்ன விட மனசில்லதான். ஆனா ஏசி ரூமுக்குப் போற பொண்ண புகைக்குள்ள வான்னு கூப்பிட வாய் வரல."

அவரை இறக்கினோம். இறங்கியதும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வாசற்படி மேட்டை அளந்துகொண்டார். எந்திரத்தைத் திரும்ப எடுத்துப்போக மறுநாள் வேனோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். புதுப் படிப்பில் சேர்ந்தால் மாணவியாகவே இங்கே இருக்கலாம், அதில் சந்தேகம் இல்லை. பட்டறை அனுமதி மறுக்கப்பட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள முடியாது, அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்காது.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க சித்தி?"

"எனக்கு உன் படிப்பும் தெரியாது, உன் மாமாவையும் தெரியாது. சாப்பிட்ட தட்ட கழுவி வை" என்றேன்.

"ரொம்ப உபயோகமா பேசறா" என்றாள் அக்கா.

மறுநாள் காலை நட்டு பல் விளக்குவதற்கு முன்பே கம்ப்யூட்டர் படிப்பின் இடத்தை வேண்டாமென்று எழுதி அனுப்பிவிட்டாள். பிறகு சமையலறையில் நின்று மாமாவைக் கூப்பிட்டாள். அவர் போட்ட சத்தம் அடுப்பருகே நின்ற எனக்கும் கேட்டது. போனை மேசையில் வைத்துவிட்டு, குனிந்து பட்டறை ஷூவின் கயிற்றைக் கட்டினாள். சத்தம் ஓய்ந்ததும் எடுத்தாள்.

"அனுமதி வரலன்னா ஊருக்குப் போயிடறேன் மாமா. போயும் இதத்தான் செய்வேன். நான் மெக்கானிக்கல்."

அப்புறம் அவர் ஏதோ கேட்டார். "ஷூ போட்டுட்டுத்தான் நிக்கறேன் மாமா, வெல்டிங் கண்ணாடியும் போடறேன்" என்றாள் இவள்.

வாசலில் வேன் வந்து நின்றது. பட்டறைக்காரர் கல்யாணத்துக்குப் போகிறவர் போலச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். இருவருமாக எந்திரத்தைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். முதலில் அனுமதி விஷயமாகக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், பிறகு பட்டறை என்று சொல்லிவிட்டு நட்டு முன்சீட்டில் ஏறினாள். நான் உள்ளே வந்து, அக்காவின் அக்குளில் கைகொடுத்து, வழக்கம்போலத் தூக்கிக் குளிக்கக் கூட்டிப்போனேன்.