கல்லாற்றில் நனைந்த மதியம்

ராகேலுக்கு விசாரிக்காமல் வாசலைத் தாண்டத் தெரியாது என்று பாறசாலையில் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அதற்குக் காரணம் அவளுடைய ஒரே மகள் ஷிஜி. தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோயோடு பிறந்தவள். பதினாறு வயதிலும் சக்கர நாற்காலிதான். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்த ராகேல், குடும்பத்தோடு எங்கே கிளம்புவதென்றாலும் முன்கூட்டியே போன் செய்து, படி ஏறவேண்டுமா, கழிப்பறைக்குள் நாற்காலி நுழையுமா, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டுவிடுவாள். பதில் திருப்தியில்லை என்றால் பயணம் இல்லை. பல பயணங்கள் போனிலேயே முடிந்துபோயின.

கணவர் சத்தியநேசன் நேர்மாறு. ஹார்ட்வேர் கடையை மத்தியானமே அடைத்துவிட்டு வந்து, கடற்கரைக்குப் போவோமா என்று நிற்பார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கடைக்கே திரும்பிவிடுவார்.

போன வருடம் அக்டோபரில், திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனை முடிந்து கிளம்பினார்கள். மூச்சின் பலம் இன்னும் குறைந்திருக்கிறது என்று டாக்டர் ஷிஜியின் முன்னாலேயே சொல்லியிருந்தார். கார் பாறசாலைப் பக்கம் திரும்பியது.

"அம்மா, வீட்டுக்குப் போவண்டாம்," என்றாள் ஷிஜி. "எங்கயாவது போலாம். யாருக்கும் போன் பண்ணாத."

சத்தியநேசன் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார்.

"வண்டியத் திருப்புங்க," என்றாள் ராகேல்.

நெடுமங்காடு வழியாகப் போய், மலையடிவாரத்தில் கல்லாற்றங்கரையில் நின்றார்கள். பாறைகளுக்கிடையில் சக்கரம் உருளவில்லை. சத்தியநேசன் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். டீக்கடைக்காரர் தம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, கரையோரம் கணுக்காலளவு நீரில் போட்டுக் கொடுத்தார். எந்தொரு தணுப்பு, என்னா குளிரு என்று மலையாளத்திலும் தமிழிலும் சொல்லிச் சொல்லி ஷிஜி சிரித்தாள். அவள் சத்தமாய்ச் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது.

மலைப்பக்கம் இருட்டித் தூறல் விழுந்தது. கிளம்பலாம் என்றார் சத்தியநேசன். இன்னும் கொஞ்ச நேரம் என்று மகள் கெஞ்சினாள். ராகேல் புடவைத் தலைப்பை அவள் தலைமேல் பிடித்துக்கொண்டு, இருக்கட்டும் என்றாள். மழை சட்டென்று வலுத்தது. காருக்கு வருவதற்குள் மூவரும் நனைந்துவிட்டார்கள்.

அந்த வாரமே ஷிஜிக்குச் சளி பிடித்து, நுரையீரலில் இறங்கியது. நவம்பர் முடிவதற்குள் அவளைச் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

மழையால்தான் என்று சொல்ல முடியாது, வீட்டிலேயே இருந்திருந்தாலும் இந்தத் தொற்று வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ராகேல் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். துக்கத்துக்கு வந்த தாசம்மாள், அப்படிப்பட்ட பிள்ளையை யாராவது மழையில் கொண்டுபோவார்களா என்று தம்பி சத்தியநேசனைக் கடிந்துகொண்டாள். ராகேல் எழுந்து வந்தாள்.

"அவியளச் சொல்லாதீங்க மைனி. திருப்பச் சொன்னதும் நான், இருக்கட்டும்னு சொன்னதும் நான்."

எல்லோரும் போனபின் சத்தியநேசன் ஒன்று மட்டும் கேட்டார்.

"அண்ணைக்கு நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"கொஞ்ச நாள் கூட இருந்திருப்பாளோ என்னவோ," என்றாள் ராகேல். பிறகு, "ஆனா எங்கிட்ட ஆசப்பட்டு எதையும் கேக்காமலே இருந்திருப்பா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவரும் காரில் ஏறும்போது, எங்காவது போவோமா என்று அவர் எப்போதாவது கேட்பதுண்டு. போகலாம் என்பாள். எங்கே என்று இருவருக்கும் சொல்லத் தெரிவதில்லை. வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள்.